சங்கக் கட்டிடத்து இரட்டைப் பேட்டரிகள்

சென்ற ஆண்டு ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தேன். மாலை ஐந்தரை மணி. நூல் பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. அங்கத்தினர்கள் இருபது பேருக்குக் குறையாமல் திண்ணையிலும் உள்ளேயுமாகக் காத்திருந்தனர். அச்சமயம் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் ஒரு முறை கூவிற்று; விளக்குகள் எரிந்தன; ஆறேழு நிமிஷங்களுக்கெல்லாம் மறுபடியும் கூவி, அவையும் அணைந்தன. கம்ப்யூட்டரில் பாதி எழுதியிருந்த பட்டியல் அழிந்தது. நூல் வாங்காமலே பலர் எழுந்து போயினர். அவர்களுக்கு மறுநாள் காலைத் தறி வேலை போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

“பேட்டரி விற்றவன் நம்மை ஏமாற்றிவிட்டான், ஸார்” என்றார் காரியதரிசி.

தளவாடப் பதிவேட்டைப் புரட்டினேன். 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று 2021-ஆம் ஆண்டிலும், அதே அளவுள்ள மற்றொன்று 2023-ஆம் ஆண்டிலும் வாங்கப்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 28,000 ரூபாய் கணக்கில் நின்றது. பிறகு கைவிளக்குடன் கிடங்கினுள் சென்று பார்த்தேன். முன்புறமிருந்த பழைய பேட்டரியில் நீர் வழிய வழிய நிரம்பியிருந்தது. பின்னாலிருந்த புதியதன் மூடிகளைத் திறந்தால் தகடுகள் வெளியே தெரிந்தன; நீரைக் காணோம். இரண்டுக்கும் நடுவே நூல் சிப்பங்கள் அடுக்கியிருந்தபடியால், நீர் ஊற்றும் காவற்காரர் கைக்கு எட்டியதற்கு மட்டும் மாதந்தோறும் தவறாமல் ஊற்றி வந்திருக்கிறார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்படிச் செய்ய வேண்டுமென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

விற்றவர் ஏமாற்றவில்லை. அந்தப் பேட்டரிகள் நம்மால் கெட்டவை. 2012-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நெடுநேர மின்வெட்டு இருந்த காலத்தில் சங்கங்கள் பலவும் இன்வெர்ட்டர் வாங்கின. அதன் பின் ஒன்று போதாமல் இரண்டாவது பேட்டரியைச் சேர்த்துக்கொண்டவை ஏராளம். நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், இந்தச் சொத்து அங்கத்தினர்களுடைய பங்குப் பணத்தில் வாங்கியது. ஆகவே இதன் இயல்பை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் நலம்.

நாம் உபயோகிப்பது ஈய-அமிலப் பேட்டரி. பிரெஞ்சு நாட்டுப் பௌதிக அறிஞரான காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார். அன்று அவர் செய்ததற்கும் இன்று நமது கிடங்கிலிருப்பதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. நேர்த் தகட்டில் ஈய டை-ஆக்ஸைடு. எதிர்த் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம். இரண்டும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின்சாரத்தை நாம் எடுக்கும்போது, திராவகத்திலுள்ள சல்பேட் தகடுகளில் படிந்து இரண்டையும் ஈய சல்பேட்டாக மாற்றுகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தை ஏற்றும்போது சல்பேட் தகட்டை விட்டுத் திராவகத்திற்கே திரும்புகிறது. இவ்விதமான அறை, செல் என்று சொல்வது, ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட். அத்தகைய ஆறு சேர்ந்தது 12 வோல்ட் பேட்டரி.

படிந்த சல்பேட் புதிதாக இருக்கையில் மிருதுவானது, ஏற்றினால் கரைந்துவிடும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் அது பெரும் படிகமாக இறுகிப் போகிறது. பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் முழுதும் கரைவதில்லை. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்புப் பயனற்றுப் போகிறது. பேட்டரிகள் சாகும் வழிகளில் இதுவே மிகப் பெரிய வழி. பாதி ஏற்றிய நிலையிலேயே என்றும் கிடக்கும் பேட்டரி, கடனில் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பவரைப் போலச் சிறிது சிறிதாகத் தன் முதலை இழக்கிறது.

இனி இரட்டைப் பேட்டரி விஷயத்திற்கு வருவோம். இரண்டை இணைக்க இரு வழிகள் உண்டு. ஒன்றன் நேர்முனையை மற்றதன் எதிர்முனையுடன் சேர்த்தால் தொடர் இணைப்பு: 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. நேருக்கு நேரும் எதிருக்கு எதிருமாகச் சேர்த்தால் பக்க இணைப்பு: 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. சேமிப்பு இரண்டிலும் ஒன்றே. எதை மேற்கொள்வது என்பதை நம் இன்வெர்ட்டர் தீர்மானிக்கிறது. அது 12 வோல்ட்டுக்குரியதாயின் தொடர் இணைப்பைக் கனவிலும் நினைக்கலாகாது.

எந்த இணைப்பாயினும் இரண்டும் ஒரே ஜாதி, ஒரே கொள்ளளவு, ஒரே மாதத்தில் செய்தவையாக இருக்க வேண்டும். இளங்காளையையும் கிழட்டுக் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. எனினும் சொல்கிறேன். தொடர் இணைப்பில் ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் செல்கிறது. கிழது முதலில் காலியாகும். ஆனால் இன்வெர்ட்டர் பார்ப்பது இரண்டின் கூட்டு வோல்ட்டை மட்டுமே. ஆகவே காலியானதிலிருந்து மேலும் உறிஞ்சுகிறது. ஏற்றும்போது கிழது முன்னதாகவே வோல்ட் உயர்ந்து நீரைக் கொதிக்கவிட, புதியது நிரம்பாமல் நிற்கும். பக்க இணைப்பிலோ, இன்வெர்ட்டர் வேலை செய்யாத நேரத்திலும் புதியது பழையதற்குத் தன் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். எப்படியாயினும் இரண்டு வருஷங்களில் புதியது பழையதன் வயதை அடைந்துவிடும். நான் கண்ட சங்கத்தில் நேர்ந்த முதற்பிழை இதுதான்.

இரண்டாவது பிழை கம்பி இணைப்பில் இருந்தது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் முன்னிருந்த பேட்டரியிலேயே முடுக்கி, அங்கிருந்து சிறு கம்பிகளால் பின்னதற்குக் கொண்டுபோயிருந்தார்கள். இப்படிச் செய்தால் சுமையின் பெரும்பங்கு முன்னதன் மேல் விழும். பின்னதற்கு ஏற்றமும் குறையும். ஒரு கம்பியை முதல் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றொரு கம்பியை இரண்டாவது பேட்டரியின் எதிர்முனையிலும் குறுக்காக இணைத்தல் வேண்டும். அப்பொழுது மின்னோட்டம் எந்தப் பேட்டரி வழியாகச் சென்றாலும் ஒரே நீளக் கம்பியைக் கடக்கும். இதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. ஒரு முனையைக் கழற்றி இடம் மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. அத்தனை சிறிய காரியத்தை ஏன் பெரும்பாலோர் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரட்டைப் பேட்டரிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து பழகியவர்கள் அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பிரயாண வீடுகளை வைத்திருப்பவர்கள். டிராவல் டிரெய்லர் என்பது அதன் பெயர். விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாம் 12 வோல்ட்டில் இயங்கும். பலர் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைப் பக்கமாக இணைப்பதை விட்டு, கோல்ஃப் மைதான வண்டிகளுக்கான 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட் ஆக்கிக்கொள்கிறார்கள். அவற்றின் தகடுகள் தடித்தவை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் ஒழுகுவதற்கு வழியும் இல்லை. அவர்கள் கண்ட மற்றோர் உண்மையும் நமக்குப் பயன்படும். முன் செல்லும் கார் ஓடும்போது டிரெய்லரின் பேட்டரிகளையும் ஏற்றும் என்று நம்பி ஒரு நாள் முழுவதும் பிரயாணம் செய்தவர்கள், இரவில் பார்த்தால் பாதிகூட ஏறியிருப்பதில்லை. நீண்ட மெல்லிய கம்பியில் வோல்ட் விழுந்துபோவதே காரணம்.

நம்மிடையே சூரிய ஒளித் தகடு வைத்திருக்கும் சங்கங்களிலும் இதே கதைதான். கணக்கிட்டுப் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, போக வர 20 மீட்டர், 15 ஆம்பியர் ஓட்டம் என்றால் வழியில் ஏறத்தாழ 1.3 வோல்ட் வீணாகிறது. கட்டுப்படுத்தும் கருவியில் 14.4 வோல்ட் காட்டும். பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.1 தான். ஓட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும். ஆதலால் பேட்டரி என்றுமே நிரம்பாது என்று சொல்ல வரவில்லை. நிரம்ப நெடுநேரமாகும், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். கருவியைப் பேட்டரியின் அருகில் வைத்து, இரண்டுக்கும் இடையே தடித்த கம்பியைக் குறுகிய நீளத்தில் போடுவதே பரிகாரம்.

ஏற்றும் முறையைச் சற்று விளக்குவது அவசியம். நல்ல கருவி மூன்று கட்டங்களில் ஏற்றுகிறது. முதலில் தன்னால் இயன்ற ஓட்டத்தை முழுவதும் செலுத்துகிறது. இதில் முக்கால் பாகத்திற்கு மேல் விரைவாக நிரம்பும். பின்பு 14.4 வோல்ட்டையொட்டி நிறுத்தி, ஓட்டத்தை மெல்ல மெல்லக் குறையவிடுகிறது. எஞ்சிய பாகம் நிரம்பச் சில மணி நேரம் பிடிக்கும். இறுதியில் 13.5 வோல்ட்டை ஒட்டிய அளவில் தாங்கி நிற்கிறது. 24 வோல்ட் அமைப்பில் இவற்றை இரட்டித்துக்கொள்க. இரண்டாவது கட்டத்தை முடிக்காமல் விட்டால், மேலே சொன்ன சல்பேட் இறுகும். மாறாக, ஒரே வோல்ட்டில் இராப்பகலாக ஏற்றிக்கொண்டேயிருக்கும் பழைய கருவியானால், அந்த வோல்ட் குறைவாயின் பேட்டரி நிரம்பாது. மிகையாயின் நீர் வற்றும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் பேட்டரியின் வகையைக் குறிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. குழாய்த் தகட்டு பேட்டரிக்கு ஒன்று, சமதகட்டுக்கு ஒன்று, மூடி முத்திரையிட்டதற்கு ஒன்று. வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்த இடத்திலேயே அது இன்றும் இருக்கிறதா, அது சரியான இடமா என்பதைப் பாருங்கள்.

ஏற்றும் ஓட்டம், பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது விதி. 150-க்கு 15 ஆம்பியர். பக்க இணைப்பில் இரண்டு வைத்தால் 300-க்கு 30 ஆம்பியர் வேண்டும். ஒரே பேட்டரிக்கென்று செய்யப்பட்ட இன்வெர்ட்டரில் இரண்டாவதைச் சேர்த்தால், அது 12 அல்லது 15 ஆம்பியரையே இரண்டுக்கும் பகிர்ந்து கொடுக்கும். மின்வெட்டு எப்போதாவது வருமானால் இது போதும். தினமும் இரண்டு மூன்று முறை வருமானால், ஒரு நாளும் நிரம்பாத இரண்டு பேட்டரிகள் நம்மிடம் இருக்கும். ஒன்றே நிரம்பியிருப்பது இரண்டு பாதியாக இருப்பதினும் மேல். இரண்டாவது பேட்டரி வாங்கத் தீர்மானம் போடுமுன், இன்வெர்ட்டரின் ஏற்றும் திறன் எவ்வளவு என்று குழுவினர் கேட்டறிய வேண்டும். அத்தகைய கேள்வி பதிவான தீர்மானப் புத்தகம் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

எவ்வளவு எடுக்கலாம்? 12 வோல்ட் 300 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கி 3,600 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுக்காமலிருத்தல் ஆயுளுக்கு நல்லது, எஞ்சுவது 1,800. இன்வெர்ட்டரிலேயே இழப்பு உண்டு. அது போக 1,500 என்று கொள்ளலாம். விளக்குகளும் இரண்டு மின்விசிறிகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்து 300 வாட் ஆனால் ஐந்து மணி நேரம். பேட்டரியின் மேல் எழுதிய கொள்ளளவு வழக்கமாக இருபது மணி நேரத்தில் சிறிது சிறிதாக எடுத்தால் கிடைப்பது என்பதையும் மறக்கலாகாது. விரைந்து எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. இன்வெர்ட்டர் தானே நிற்கும்வரை ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நிற்பது பெரும்பாலும் 10.5 வோல்ட்டை ஒட்டி. அதற்குள் பேட்டரி அநேகமாகத் துடைத்தெடுத்த நிலைக்கு வந்திருக்கும். சில முறைகளுக்கு மேல் அது தாங்காது.

நீர் விஷயத்தில்தான் அதிகத் தவறு நேர்கிறது. ஏற்றத்தின் கடைப்பகுதியில் நீர், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து போகிறது, திராவகம் போவதில்லை. ஆகவே ஊற்ற வேண்டியது வாலைவடிநீர் மட்டுமே. கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்பதுதான் அது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். குடிநீருக்காகக் கேனில் வருவதும் இதற்கு உதவாது. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதில் தூசும் உலோகத் துகளும் கலந்திருக்கும். திராவகத்தை ஒருகாலும் சேர்க்கலாகாது. ஊற்ற வேண்டிய நேரம் முழுதும் ஏற்றிய பின்னர். ஏற்றுமுன் தகடு தெரியுமானால் அது மறையும் மட்டும் ஊற்றி, ஏற்றிய பின் குறிவரை நிரப்புக. முன்னதாகவே விளிம்பு வரை ஊற்றினால், ஏற்றும்போது பொங்கி வழிந்து, திராவகமும் உடன் வெளியேறிவிடும். நான் கண்ட பழைய பேட்டரி அப்படித்தான் மாதாமாதம் தன் திராவகத்தை இழந்து வெறும் நீர்ப்பானையாக ஆகியிருந்தது.

ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு ஹைட்ராமீட்டர் இருத்தல் வேண்டும். ரப்பர்ப் பந்து பொருத்திய கண்ணாடிக் குழாய்; விலை சொற்பம். ஏற்றம் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்த பின், செல் ஒவ்வொன்றிலும் திராவகத்தை உறிஞ்சி ஒப்படர்த்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிதாக நீர் ஊற்றியவுடனே அளந்தால் பொய்க்கும். நம் நாட்டு வெப்பத்துக்கென்று செய்த இன்வெர்ட்டர் பேட்டரிகளில் முழு ஏற்றத்தில் 1.220 முதல் 1.240 வரை இருப்பது வழக்கம். ஆயினும் அந்தந்தப் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதே பிரமாணம். அவ்வெண்ணுடன் 0.84-ஐக் கூட்டினால் அந்தச் செல்லின் ஓய்வு வோல்ட் ஏறத்தாழக் கிடைக்கும். 1.240 என்றால் 2.08, ஆறு மடங்கு ஏறத்தாழ 12.5. செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் தோன்றினால், அந்தப் பேட்டரியை ஜோடியிலிருந்து பிரித்துத் தனியாக மெதுவாக நெடுநேரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னும் ஒரு செல் மட்டும் தாழ்ந்தே நின்றால், அந்தச் செல் கெட்டது என்று துணியலாம். இரண்டு பேட்டரிகளையும் சில மாதங்களுக்கு ஒரு முறை இவ்விதம் தனித்தனியே ஏற்றி மறுபடியும் சேர்ப்பது ஜோடியைச் சமநிலையில் வைக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டார் பேட்டரி உறைந்து வெடிக்குமோ என்று அஞ்சுகிறார்கள்; காலியான பேட்டரியில் திராவகம் நீர்த்திருப்பதால் அது எளிதில் உறையும். நமக்கு அந்தக் கவலை இல்லை, சூடுதான் பகை. பத்து டிகிரி சென்டிகிரேடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. தகரக் கூரையின் கீழ் வைப்பது அப்பேட்டரிக்கு விதித்த தண்டனை. அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கும் கொள்முதல் நிலையங்களில், மூடும்போது முழுதும் ஏற்றி, இணைப்பைக் கழற்றி நிழலில் வைத்து, மாதம் ஒரு முறையேனும் ஏற்றுக.

ஆனால் நூல் கிடங்கில் மட்டும் வைக்கலாகாது. ஏற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் மிக இலேசானது, கூரையடியில் சேரும், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஆனாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மேலே காற்றுப் போக வழியுள்ள இடம் வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. மற்றொரு கேடு நெசவாளர்க்கே உரியது. திராவகத் துளி பட்ட பருத்தி நூல் அப்பொழுதே ஒன்றும் ஆகாதது போலத் தோன்றும். நீர் உலர உலரத் திராவகம் செறிந்து இழை உளுத்துப்போகிறது. பிறகு பாவில் இழுவை ஏற்படும்போது அந்த இடத்தில் அறும். நூல் மட்டமென்று நூற்பாலையைக் குறை கூறுவோம். காரணம் நம் கிடங்கிலேயே இருந்திருக்கும்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்தால், சமையல் சோடாவை நீரில் கரைத்துத் துடைத்து, உலர்ந்த பின் வாசலைன் தடவுக. சோடா நீர் செல்லினுள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்க வேண்டும். முடுக்கும்போது மோதிரம், கைச்சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வைக்கவும். இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும். கண்ணில் திராவகம் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டேயிருந்து, பின்னர் டாக்டரிடம் செல்க.

இப்பொழுது லித்தியம் பேட்டரிகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நீர் வேண்டியதில்லை, ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். வாங்குவதானால் ஏற்றும் கருவி அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ஈயப் பேட்டரியுடன் சேர்த்துப் பூட்டக்கூடாது.

கெட்ட பேட்டரியைக் கழிக்கும்போது, குழுவின் தீர்மானத்தோடு பதிவேட்டில் கழித்து, பழையதன் விலையைத் தவறாமல் வரவு வைக்க வேண்டும். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. புதியது விற்பவரிடமோ, அங்கீகாரம் பெற்றவரிடமோதான் கொடுக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் திரும்பப் பெறும் பொறுப்பை விதிக்கின்றன. சந்துகளில் உடைத்து உருக்குபவரிடம் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். அந்த ஈயப் புகை சுற்றிலுமுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் கலக்கிறது.

நான் முதலில் சொன்ன சங்கத்திற்கு இவ்வாண்டு மறுபடியும் சென்றேன். ஒரே மாதத்தில் செய்த இரண்டு பேட்டரிகளை ஒருசேர வாங்கி, கிடங்கை விட்டுப் பின்தாழ்வாரத்தில், கம்பி வலைக் கதவுக்குள், நாற்புறமும் கை எட்டும்படி சக்கரப் பலகை மேல் வைத்திருந்தார்கள். இன்வெர்ட்டரையும் 30 ஆம்பியர் ஏற்றக்கூடியதாக மாற்றியிருந்தார்கள். பக்கத்து ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்கியது. காவற்காரரின் கையெழுத்தில், மாதத்திற்கு ஒரு வரி, பன்னிரண்டு செல்களுக்கும் பன்னிரண்டு எண்கள். கடைசி வரியில் எல்லாம் 1.235-க்கும் 1.240-க்கும் இடையே இருந்தன. ஒன்றே ஒன்று 1.225. அதற்கு நேரே, “கவனிக்கவும்” என்று அவரே எழுதியிருந்தார்.